நான்காம் பக்கத் தையல்

வெயிலில் காய்ந்த பஞ்சுக்கு ஒரு வாசனை உண்டு. வறுத்த தானியம் போலவும் சற்றே தூசி போலவும் இருக்கும் அவ்வாசனையோடு, உரித்த ஆரஞ்சுத் தோலின் காரமும், இரவெல்லாம் கல்லாய் உறைந்து வெயிலில் உருகிய தேங்காயெண்ணெயின் மணமும் கலந்து, தில்லி சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பில் எங்கள் வரிசை வீடுகளுக்கு எதிரே கிடந்த புல்தரையின்மேல் மார்கழி, தை மாதத்து நண்பகல்களில் அசையாமல் நிற்கும். ஆண்கள் மிதிவண்டிகளில் அலுவலகம் புறப்பட்டபின், பெண்கள் கயிற்றுக் கட்டில்களையும் பாய்களையும் வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டு "ரஜாய்" தைக்க அமர்வார்கள். எனக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்குக் குளிர்கால விடுமுறை. பெரியவர்களுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது என் வேலை.

தெற்கிலிருந்து வந்த எங்கள் குடும்பங்களுக்குக் குளிரும் புதிது, பஞ்சு அடைத்த போர்வையும் புதிது. பக்கத்து வரிசையில் இருந்த பஞ்சாபிப் பெண்மணி சந்தோஷ் ஆண்ட்டிதான் அந்தத் தையலை எங்கள் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். தையற்கடைகளில் மிஞ்சும் வெட்டுத் துணிகளை, "கத்ரன்" என்பார்கள், மூட்டையாக வாங்கி வருவதும், வில்லை மீட்டிப் பஞ்சடிக்கும் "துனியா"விடம் பேரம் பேசுவதும் அவர் பொறுப்பு. ஆனால் தைக்கும் முறையை எங்கள் பெண்கள் தம் வசதிக்கேற்ப மாற்றிக்கொண்டார்கள். ஒரே பெரிய போர்வையைப் பலர் சுற்றி அமர்ந்து தைக்காமல், உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய சதுரங்களாகத் துணியை வெட்டி, இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்று பக்கம் தைத்துப் பை போலாக்கி, அதனுள் பஞ்சை அடைத்து, நான்காவது பக்கத்தை மூடிவிடுவார்கள். இப்படிக் குட்டித் தலையணைகளைப் போல் அவரவர் மடியிலேயே கட்டங்கள் உருவாகும். பிறகு எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்தால் போர்வை.

அக்கூட்டத்தில் சிரிப்புக்குக் குறைவிருந்ததில்லை. எனினும் சிரிக்கும் முகங்களுக்குக் கீழே கண்கள் ஒருவர் கையை ஒருவர் அளந்துகொண்டே இருந்தன என்பதை, நூல் கோக்கும் சாக்கில் எல்லார் முழங்கால்களுக்கும் நடுவே உட்கார்ந்திருந்த நான் அறிவேன். வெள்ளைப் பஞ்சைத் தனக்கு ஒதுக்கிக்கொண்டு பழுப்பை எதிராளிக்குத் தள்ளியது யார், இரண்டு தையல் போடவேண்டிய இடத்தில் ஒன்றோடு ஏய்த்தது யார் என்று எல்லாரும் எல்லாரையும் ஐயுற்றார்கள். கூட்டத்திற்குத் தலைவிபோல் இருந்த விசாலம் மாமி, முடிந்த கட்டம் ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துத்தான் கூடையில் போடுவார். அந்தப் பார்வையை நானும் கற்றுக்கொண்டேன். பெரியவர்கள் பேசும்போது அவர்கள் வாயை விட்டுவிட்டுக் கையைக் கவனிப்பது என்னும் தீய பழக்கம் என்னிடம் அங்கேதான் தொற்றியது.

அந்த ஆண்டுப் போர்வை செண்பகத்தின் குழந்தைக்கானது. செண்பகம் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். கணவர் மத்திய அரசில் எழுத்தர். இருபத்தைந்து வயதுக்குள் இரண்டு குழந்தைகளைப் பெற்று இரண்டையும் மாதம் திரும்புமுன் பறிகொடுத்தவள். மூன்றாவது முறை வயிற்றில் குழந்தை ஆறு மாதம் ஆகியிருந்தது. குழந்தை தங்காத வீட்டில் பிறக்கும் சிசுவைப் பல வீடுகளில் கேட்டு வாங்கிய பழந்துணியில் போர்த்த வேண்டும், அத்தனை வீட்டாரின் வாழ்த்தும் அதைக் காக்கும் என்பது எங்கள் பெண்களின் நம்பிக்கை. எனவே அவ்வருடம் கத்ரன் மூட்டையைத் தொடாமல், வரிசையின் ஒவ்வொரு வீட்டிலும் உடுத்து வெளுத்த புடவை, வேட்டி, சட்டைகளிலிருந்தே சதுரங்கள் வெட்டப்பட்டன. நாற்பத்தெட்டுக் கட்டங்களில் பன்னிரண்டு என் அம்மாவின் பங்கு.

தன் குழந்தைக்குத் தாயே ஊசி எடுக்கலாகாது என்று விசாலம் மாமி விதித்திருந்ததால் செண்பகம் வெறுங்கையோடு அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். வந்து விழும் துணி ஒவ்வொன்றையும் எடுத்து வெளிச்சத்தில் விரிப்பாள், முகர்வாள், மடித்துவைத்துவிட்டு மறுபடியும் எடுப்பாள்.

"இது யாரு உடுத்துன சேலை? அவுக நல்லா இருக்காகளா?"

"இருக்கா, இருக்கா. நேத்திக்கு என்னோட சண்டை போடற அளவுக்கு நன்னாவே இருக்கா" என்றார் விசாலம் மாமி.

எல்லாரும் சிரித்தார்கள். செண்பகம் சிரிக்கவில்லை. "சிரிங்க மாமி. எனக்கு இது நிக்கணும். அதான் கேக்கேன்" என்றாள்.

என் அம்மா கோமளம் கும்பகோணத்துக்காரி. விடியுமுன் நீராடி, பெருமாள் படத்தின்முன் அமர்ந்து பாசுரங்களை ஒரு சுற்றுச் சொல்லி முடித்த பின்னரே அடுப்பு மூட்டுவாள். இன்று என் நாவில் நிலைத்திருக்கும் செய்யுள் ஒவ்வொன்றும் அவள் குரலிலேயே எனக்குக் கேட்கிறது. அவளிடம் ஒளிவு என ஒன்று இருக்கக்கூடும் என்று நான் கனவிலும் எண்ணியதில்லை. ஆனால் கைகளைக் கவனிக்கப் பழகிய என் கண்களுக்கு அது தப்பவில்லை. மூன்று பக்கம் தைத்துப் பஞ்சடைக்கும்வரை மற்றவர்களைப் பார்த்து அமர்ந்திருப்பவள், நான்காவது பக்கத்தை மூடும் வேளையில் வெயில் கண்ணைக் கூசுவதாகச் சொல்லிச் சற்றே திரும்பிக்கொள்வாள். உதடுகள் அசையும். இடுப்புச் செருகலிலிருந்து ஏதோ ஒன்றை விரல்நுனியில் எடுத்துப் பஞ்சுக்குள் தள்ளிவிட்டு, விரைந்து தைத்து முடிச்சிடுவாள். முதல் நாள் பார்த்தபோது பிரமை என்று நினைத்தேன். ஆறாவது கட்டத்திலும் அதையே கண்டேன்.

அதே வாரத்தில் ஒரு நாள் செண்பகம் என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துக் கருப்பட்டித் துண்டு ஒன்றைக் கையில் வைத்தாள். அவள் அழகில் எனக்குப் பெரும் மயக்கம். அவள் அழைத்தால் எங்கும் போவேன். சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்தபடி, வேறு எவரிடமும் சொல்லாத கதை என்று சொல்லி ஒன்றைச் சொன்னாள். இரண்டாவது குழந்தை போன பிறகு அவள் மாமியார் வீட்டில் அம்மிக்கல்லைப் புரட்டிப் பார்த்தார்களாம்.

"கல்லுக்கு அடியில ஒரு காயிதம் இருந்துச்சுட்டி. மடிச்சு, மஞ்ச நூலு சுத்தி. பிரிச்சா உள்ள செவப்பு எழுத்து. செஞ்சது யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. கூட இருந்து சிரிச்சுப் பேசுன யாரோதான்."

பிறகு என் மோவாயைப் பிடித்துக் கேட்டாள்: "நீ அங்கனயேதான இருக்க. யாரும் ஏதும் வித்தியாசமாப் பண்ணுதாகளா? கண்டா எனக்குச் சொல்லுவியா?"

கருப்பட்டி வாயில் கரைந்துகொண்டிருந்தது. அழகான ஒருத்தி என் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறாள் என்னும் பெருமிதம் தலைக்கேறியது. அச்சமும் இருந்தது; அதை மறைக்க மாட்டேன். அம்மா உள்ளே வைப்பது என்ன என்று அந்த வாரம் முழுதும் எனக்குள் கேட்டுக்கொண்டே இருந்த நான், அவ்வச்சத்தை இறக்கி வைக்க ஓர் இடம் கிடைத்ததாக எண்ணி, "எங்க அம்மா மட்டும் கடைசிப் பக்கத்தை மூடறச்சே உள்ளே என்னமோ வெக்கறா" என்று சொல்லிவிட்டேன்.

செண்பகம் என் மோவாயிலிருந்து கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

அடுத்த இரண்டு நாள் அவள் புல்தரைக்கு வரவில்லை. வராதவளைப் பற்றிப் பேசுவது எளிது. பேச்சு எப்படியோ என் அம்மாவின் பக்கமாகவும் திரும்பியது. அம்மா தண்ணீர் எடுக்க உள்ளே போயிருந்த நேரத்தில் ஒருத்தி, "கோமளத்துக்கு ஒத்தைப் பொண்ணோட நின்னுபோச்சோல்லியோ. அவ மனசிலே என்ன இருக்கோ" என்றாள். நான் ஊசிக் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நூல் நுழையவே இல்லை.

மூன்றாம் நாள் செண்பகம் வந்தாள். நேரே கூடையருகே போய், அம்மா தைத்த கட்டம் ஒன்றை எடுத்துக் காதருகே வைத்து அழுத்திவிட்டு அவளிடம் திரும்பினாள்.

"மாமி, நீங்க தச்ச பன்னெண்டையும் எடுத்துருங்க. எனக்கு வேண்டாம்."

"என்னடி பேத்தறே?" என்றார் விசாலம் மாமி. "கோமளம் தையலுக்கு என்ன கொறைச்சல்?"

"தையலுக்கு ஒரு கொறையும் இல்ல. உள்ள இருக்கதுதான்."

"உள்ளே பஞ்சு இருக்கு" என்றாள் அம்மா.

"பஞ்சு மட்டுந்தானா?"

அம்மா பதில் சொல்லவில்லை. அவளுடைய மௌனத்தை நான் அன்றுவரை பக்தி என்றே அறிந்திருந்தேன். அன்று அது குற்றத்தைப் போலிருந்தது.

"யார் சொன்னா உனக்கு?" என்று கடைசியில் கேட்டாள்.

"யாரு சொன்னா என்ன மாமி? காதுகிட்ட வச்சு அமுக்கிப் பாத்தேன். சலசலங்குது."

செண்பகம் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காத அந்தக் கருணை, காட்டிக்கொடுத்திருந்தால் பட்டிருக்கக்கூடிய அடியைக் காட்டிலும் கொடிதாக இருந்தது.

சந்தோஷ் ஆண்ட்டிக்குத் தமிழ் புரியாது, முகங்கள் புரிந்தன. "அரே, ஜகடா காஹே கா? கோல் கே தேக் லோ!" என்றார். சண்டை எதற்கு, பிரித்துப் பார்த்துவிட்டால் தீர்ந்தது என்றார். விசாலம் மாமி கத்தரியை நீட்டினார். அம்மா அதை வாங்காமல், கூடையிலிருந்து தன் கட்டம் ஒன்றை எடுத்து ஊசிமுனையாலேயே நான்காவது பக்கத்தின் தையலை நெம்பிப் பிரித்தாள். பஞ்சுக்குள்ளிருந்து வெளிவந்தது ஒரு சிறு சீட்டு. மஞ்சள் நூல் சுற்றியிருந்தது. பிரித்தபோது உள்ளே சிவப்பு எழுத்துத் தெரிந்தது.

செண்பகம் பின்னுக்கு நகர்ந்த வேகத்தில் கட்டில் கால் தடுக்கியது. சந்தோஷ் ஆண்ட்டி பிடித்துக்கொண்டார். ஆக, அது என் அம்மாதானா?

"பத்மா, படி" என்றாள் அம்மா. தமிழ்ப் பள்ளியில் படித்த எனக்குத்தான் அந்த வட்டத்தில் பிழையின்றிப் படிப்பவள் என்ற பெயர். வாங்கிப் பார்த்தேன். குங்குமத்தைக் குழைத்துத் துளசிக் குச்சியால் எழுதியிருந்த ஒரே ஒரு சொல்.

"வாமனன்" என்று படித்தேன்.

பிறகு அம்மா தாழ்ந்த குரலில் சொன்னாள்: பன்னிரண்டு கட்டங்களிலும் பெருமாளின் பன்னிரண்டு திருநாமங்கள். தெருக் கடையில் வாங்கிய மையும் நூலும் பூஜைக்கேற்ற மடியாக இராது என்பதால் பூஜை மாடத்துக் குங்குமத்தாலும் மஞ்சள் சரட்டாலும் எழுதிக் கட்டினாள். அவ்வளவுதான்.

அத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஐயம் என்பது ஒரு விடையோடு பசி அடங்கும் விலங்கன்று. செண்பகம் நடுங்கும் குரலில், "ஒண்ணுல அப்படி இருக்கு. மத்ததுல?" என்றாள்.

அம்மா அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு இரண்டாவது கட்டத்தை எடுத்தாள்.

பன்னிரண்டையும் பிரித்தாள். ஒவ்வொன்றாக, நூல் அறாமல், துணி கிழியாமல் பிரித்து, சீட்டை என்னிடம் நீட்டினாள், நான் படித்தேன். கேசவன். மாதவன். திரிவிக்கிரமன். கூடையில் கிடந்த வரிசையிலே வந்ததால் திருநாமங்கள் முன்பின்னாகக் கலந்து வந்தன. பஞ்சுப் பிசிர்கள் வெயிலில் எழும்பி எங்கள் தலைகளில் படிந்தன. ஐந்தாவது, ஆறாவதிலேயே பெண்கள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டுவிட்டார்கள். "போறும் கோமளம்" என்றுகூட ஒருத்தி சொன்னாள். செண்பகம் அழுதுகொண்டிருந்தாள், ஆனால் போதும் என்று அவள் சொல்லவில்லை. அவள் சொல்லாதவரை அம்மாவும் நிறுத்தவில்லை. இத்தனை ஆண்டுகளாக அந்நாமங்களை நாள்தோறும் சொல்லி வருகிறேன். அன்று அவற்றைச் சொன்னதுபோல் நாக்குக் கனத்துச் சொன்னதில்லை.

கடைசியாக வந்தது தாமோதரன்.

அப்போதுதான் விசாலம் மாமிக்குக் குரல் வந்தது. "சூனியம் இல்லேன்னு ஆச்சு, சரி. அதுக்குன்னு இது என்ன கூத்து? கொழந்தை மூத்திரம் போற துணிக்குள்ளேயா சுவாமி பேரு? கால்படும், கக்கும். தெரிஞ்சுண்டே பண்ணினியா?"

அம்மா இத்தனை நாள் மறைத்ததற்குக் காரணம் அதுதான் என்று அக்கணம் எனக்கு விளங்கியது. முன்னமே கேட்டிருந்தால் மாமி மறுத்திருப்பார். ஒரு பழியிலிருந்து மீண்டவள் அதே சான்றால் மற்றொரு பழிக்குள் நின்றாள். ஆயினும் அவள் தடுமாறவில்லை.

"கயத்தாலே தாயார் கட்டிப்போட்ட வயிறு மாமி தாமோதரனோடது" என்றாள். "அவருக்கா மூத்திரத் துணி புதுசு?"

விசாலம் மாமி கத்தரியைக் கூடைக்குள் போட்டார். செண்பகம் முகத்தைத் துடைத்துக்கொண்டு அருகே வந்து, "தப்பா நெனச்சுட்டேன் மாமி. வச்சே தைங்க" என்றாள்.

"இல்லேடி" என்றாள் அம்மா. கோபம் இல்லாத குரல். "பயந்து பிரிச்சதை மறுபடி வெச்சா உனக்குத் தூக்கம் வராது. எழுந்து எழுந்து அமுக்கிப் பார்ப்பே. வெறும் பஞ்சே போறும்."

பன்னிரண்டு சீட்டுகளையும் முந்தானையில் முடிந்துகொண்டு, பன்னிரண்டு கட்டங்களையும் அன்றே மறுபடி மூடிக் கொடுத்துவிட்டாள்.

பங்குனியில் செண்பகத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது, தங்கியது. நாற்பது நாள் கழித்துப் பார்க்கப் போனபோது குழந்தையைப் போர்வையோடு என் மடியில் கிடத்தினாள். ஒரு மூலையில் என் விரல் அழுந்த, மெல்லச் சலசலத்தது. திடுக்கிட்டு நிமிர்ந்தேன்.

"எங்க ஊரு சாஸ்தா பேரு" என்றாள் செண்பகம். "மனசு தாங்காம ராத்திரி நானே எழுதி வச்சேன். இதையும் போயி யார்கிட்டயும் சொல்லிராத, என்ன?" என்று சிரித்தாள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன். அடுத்த ஆண்டு அவர்களுக்கு மாற்றல் வந்தது, பிறகு பார்க்கவில்லை.

அம்மா என்னை ஒரு சொல்லும் கேட்டதில்லை. ஆனால் அடுத்த குளிர்காலத்தில் முதல் கட்டத்தின் மூன்று பக்கங்களையும் தைத்துப் பஞ்சடைத்தவள், நான்காவது பக்கத்தின் வாயை விரலால் அகட்டி என் பக்கம் நீட்டி, "பாத்துட்டியா? மூடட்டுமா?" என்றாள். நான் தலையசைத்தேன். மூடினாள். அதற்கடுத்த கட்டத்தையும் நீட்டினாள். தலையணை, மெத்தை, பின்னாளில் என் குழந்தைகளுக்குத் தைத்த போர்வைகள், எதுவாயினும் என்னிடம் காட்டாமல் அவள் மூடியதில்லை. தண்டனையாக அதைச் செய்தாள் என்று நான் நம்பவில்லை; அஞ்சும் ஒரு குழந்தைக்கு விளக்கைத் தூக்கிக் காட்டுவதுபோலத்தான் செய்தாள். நாற்பது வயதில் ஒருமுறை துணிந்து, "அன்னிக்குச் சொன்னது நான்தாம்மா" என்றேன். "தெரியும்" என்றாள். "வாமனன்னு படிச்சியே, உன் குரலே சொல்லித்து." அதன்பின் அவள் காலம் முடியும்வரை, கண் மங்கிக் கை நடுங்கிய கடைசி ஆண்டிலும், தலையணை உறையின் வாய் என் பக்கம் நீண்டது.

அந்தப் புல்தரை இப்போது இல்லை. சரோஜினி நகரின் எங்கள் வரிசையை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். நான் மகன் குடும்பத்தோடு துவாரகாவில் அடுக்குமாடியில் வசிக்கிறேன். கூடித் தைக்கும் வழக்கம் ஒன்றும் அழிந்துவிடவில்லை. எங்கள் குடியிருப்பின் கூடத்தில் சனிக்கிழமைதோறும் பெண்கள் கூடி ஒட்டுப் போர்வைகள் தைக்கிறார்கள். மூன்று தையல் இயந்திரங்கள் உண்டு; வாட்ஸ்அப்பில் குழுவும் உண்டு. அடியேனும் போகிறேன். இம்முறை போர்வை, விமான நிலையத்தில் பணிபுரியும் நிவேதிதாவின் தலைப்பிள்ளைக்கு. தில்லியில் பிறந்த தமிழ்ப் பெண். வாய் நிறையப் பேசுவாள்.

என் பங்குக் கட்டத்தில் பஞ்சை அடைத்தபின் வெகுநேரம் கையில் வைத்திருந்தேன். பிறகு கைப்பையிலிருந்து, குங்குமத்தால் எழுதி மஞ்சள் நூல் சுற்றிய சீட்டை எடுத்து, அவளிடமே நீட்டினேன். "இதை உள்ளே வெக்கட்டுமாம்மா?"

"அச்சா, என்னது ஆண்ட்டி? ஸோ க்யூட்!" என்று நூலைப் பிரித்தாள். "ஐயோ, எனக்குத் தமிழ் படிக்க வராது. ஒரு நிமிஷம், போட்டோ எடுத்துக்கறேன்." எடுத்தாள், குழுவில் போட்டாள், கூடம் முழுவதும் கைப்பேசிகள் கிணுகிணுத்தன. பிறகு முகத்தைச் சுருக்கினாள். "ஆனா பேப்பர் உள்ள வேண்டாம் ஆண்ட்டி. வாஷிங் மெஷின்ல கூழாயிடும்."

அவள் சொன்னது சரிதான். எவர் கையிலிருந்து என்ன வருகிறதோ என்று அஞ்சாமல் ஒரு தாய் மகவை எதிர்நோக்குவது நன்மைதான். எம்பெருமான் திருவுள்ளம் அதுவாகவே இருக்கட்டும். ஆயினும் செண்பகம் அன்று பின்னுக்கு நகர்ந்தாளே, ஒரு துண்டுக் காகிதம் உயிரை எடுக்கவும் கொடுக்கவும் வல்லது என்று எண்ணி நடுங்கினாளே, அந்த நடுக்கத்தை அக்கூடத்தில் எந்த முகத்திலும் காணவில்லை.

சீட்டை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். கட்டத்தை வெறும் பஞ்சோடு மூடினேன். மூடுமுன் எவருக்கும் காட்ட வேண்டியிருக்கவில்லை.